பத்திரம் யார் பெயரில்?

2019-ஆம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில் நானும் என் மனைவியும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மகள் வீட்டில் இருந்தோம். மகளின் பிரசவத்துக்குத் துணை அவள். அவளுக்குத் துணை நான். நம் சங்க உறுப்பினர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு முறையாவது போய் வந்தவர்கள் என்பதால் அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. காலை நடையின்போது அங்கே கண்ட ஒரு காட்சிதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரியவர் பச்சையும் மஞ்சளும் கலந்த பனியன் போட்டிருந்தார். அதே நிறத்தில் மறுநாள் காய்கறிக் கடையில் ஒரு இளைஞன் தலையில் தொப்பி. அடுத்த நாள் பூங்காவில் பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் மேல் அதே சட்டை. எல்லாவற்றிலும் "சோனிக்ஸ்" என்ற எழுத்து. உள்ளூர் அணி போலும், மேட்ச் எப்போது என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அந்த டீம் இப்ப கிடையாது மாமா. 2008-லேயே ஊரை விட்டுப் போயாச்சு."

"கலைச்சுட்டாங்களா?"

"கலைக்கலை. ஓனர் வேற ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டார்."

எடுத்துக்கொண்டு போய்விட்டார்! பெட்டி படுக்கையை எடுத்துப் போவது போல ஓர் ஊரின் அணியை எடுத்துப் போக முடியுமா? பதினொரு வருஷம் கழித்தும் அந்தச் சட்டையை ஊரார் கழற்றவில்லை என்பதும், அணி இருந்த நாளில் பிறந்தே இராத பிள்ளைக்கும் அதை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்பதும் என்னை யோசிக்க வைத்தன. வங்கியில் முப்பது வருஷம் அடமானப் பத்திரங்களைப் புரட்டிய ஆசாமி நான். "சொத்து யார் பெயரில்?" என்ற கேள்வி வந்தால் சும்மா இருக்க முடியாது. அன்று முதல் இந்த விவகாரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அதே அக்டோபரில் இன்னொரு பொருத்தம் அமைந்தது. என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் இரண்டு அணிகள் முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்து, நம் மும்பையில் வொர்லி என்.எஸ்.சி.ஐ. அரங்கத்தில் அக்டோபர் 4, 5 தேதிகளில் ஆடின. முதல் நாள் ஆட்டத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூவாயிரம் பேரை அழைத்துப் போனார்கள். எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவனும் போய் வந்து, "ஒரே ஒரு பாயின்ட் தாத்தா! 132 - 131!" என்று லிஃப்டிலேயே கத்தினான். தோற்றது சாக்ரமெண்டோ கிங்ஸ். ஜெயித்தது இந்தியானா பேசர்ஸ். அந்தச் சாக்ரமெண்டோ அணிதான் ஆறு வருஷங்களுக்கு முன் சியாட்டிலுக்குப் போகவிருந்து கடைசி நிமிஷத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட அணி. அதைத் தடுத்ததில் பெரும் பங்கு, இதே பம்பாயில் பிறந்த ஒருவருக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முப்பது பேரின் சங்கம்

என்.பி.ஏ.யில் மொத்தம் முப்பது அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, அல்லது முதலாளிகளின் கூட்டு. ஊர்ப் பெயர் அணிக்கு முன்னால் இருக்கும்; ஆனால் பத்திரத்தில் ஊருக்கு இடம் கிடையாது. நம் நாட்டு ஐ.பி.எல். அணிகளைப் போலத்தான்.

ஒரு அணி ஊர் மாற வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? ரசிகர்களையா, நகரசபையையா? இல்லை. மற்ற முதலாளிகளின் ஓட்டு போதும். புதிதாக ஒரு ஊருக்கு அணி கொடுப்பதும் அவர்கள் கையில்தான். கூடைப்பந்து வேண்டும் என்று காத்திருக்கும் ஊர்கள் எப்போதும் அணிகளைவிட அதிகம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. "அரங்கம் கட்டித் தருகிறாயா, இல்லை பக்கத்து ஊருக்குப் போகட்டுமா?" என்று முதலாளி கேட்டால் ஊர் பயந்துபோகும். பண்டம் குறைவாக இருந்தால் விலை ஏறும் என்பது மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

விலையும் எப்படி ஏறியிருக்கிறது! 2013-ல் சாக்ரமெண்டோ அணியின் மதிப்பு சுமார் 53 கோடி டாலர். அன்றைக்கு அதுவே சாதனை. 2025-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி கைமாறியபோது மதிப்பு 610 கோடி டாலர். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் சுமார் ஆயிரம் கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. வருஷா வருஷம் நஷ்டம் என்று முதலாளிகள் முறையிடுவது உண்டு. இருக்கலாம். ஆனால் நஷ்டக் கடையை இந்த விலைக்கு வாங்க இத்தனை பேர் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா?

சியாட்டில் இழந்த கதை

சியாட்டிலின் சூப்பர்சோனிக்ஸ் அணி 1967-ல் பிறந்தது. விமானத் தொழிற்சாலை ஊர். ஆகையால் ஒலியை விஞ்சும் விமானத்தின் பெயர். 1979-ல் லீக்கின் கோப்பையை வென்றது. நாற்பத்தொரு சீசன் அந்த ஊரில் ஆடியது. அணி ஆடிய அரங்கம் நகரசபையின் சொத்து. அதைப் பெரும் செலவில் திருத்திக் கட்டி 1995-ல் திறந்தார்கள்.

2001-ல் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளின் அதிபர் திரு. ஹோவர்ட் ஷுல்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் சுமார் 20 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள். உள்ளூர்க்காரர், ஊரே அவர் காப்பியைக் குடிக்கிறது. பிறகு என்ன பயம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆனால் சில வருஷங்களிலேயே அரங்கம் சிறியது, பழையது, அரசாங்கம் பணம் தர வேண்டும் என்று கோரிக்கை வந்தது. புதுப்பித்துப் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. அரசாங்கம் தயங்கியது. 2006-ல் அவர் அணியை 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் ஓக்லஹோமா நகரத்துத் தொழிலதிபர் திரு. கிளே பென்னெட்டும் அவருடைய கூட்டாளிகளும்.

ஒரு வருஷம் நல்லெண்ணத்தோடு முயன்று சியாட்டிலிலேயே புது அரங்கத்துக்கு வழி தேடுவேன் என்பது விற்பனை ஒப்பந்தத்தின் ஷரத்து. அவர் புறநகர் ஒன்றில் 50 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் அரங்கம் வேண்டும் என்றார். மாநிலச் சட்டசபை மறுத்துவிட்டது. இதற்கிடையே 2006 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர், விளையாட்டு அணிக்கு நகரம் பணம் போட்டால் அதற்கு நியாயமான வருமானம் வந்தாக வேண்டும் என்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். 2007-ல் புது முதலாளிகளில் ஒருவர் பத்திரிகையில் உண்மையைப் போட்டு உடைத்தார்: சியாட்டிலில் வைத்திருக்க நாங்கள் அணியை வாங்கவில்லை என்ற பொருளில் பேசினார். லீக் அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அணி போவதைத்தான் தடுக்கவில்லை. 2008 ஏப்ரலில் முதலாளிகள் கூடி 28-க்கு 2 என்று இடமாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

நகரசபையிடம் ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. அரங்கத்தின் குத்தகை 2010 வரை இருந்தது. அதை வைத்து வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வரவிருந்த நாளில், 2008 ஜூலை 2-ஆம் தேதி, சமரசம் ஆயிற்று. நகரத்துக்கு 4.5 கோடி டாலர். கூடவே, சூப்பர்சோனிக்ஸ் என்ற பெயரும் நிறமும் சியாட்டிலுக்கே என்று முடிவாயிற்று. அணி ஓக்லஹோமா நகரம் போய் "தண்டர்" என்று பெயர் மாற்றிக்கொண்டது. அணியை விற்றது பெருந்தவறு என்று பல வருஷம் கழித்து ஷுல்ட்ஸ் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். வருத்தத்துக்கு அணி திரும்பி வருமா?

நான் கண்ட அந்தப் பச்சைச் சட்டையின் வரலாறு இதுதான். ஊருக்கு மிஞ்சியது பெயர்; அதுவும் ஒரு குத்தகைச் சீட்டு இருந்த புண்ணியத்தால்.

எங்கள் மின்விசிறிகள்

இதைப் படித்தபோது எனக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. பல வருஷங்களுக்கு முன் நாங்கள் இருந்த புறநகர்ப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தினோம். நல்ல மனசுள்ள ஒரு பெரியவர் தம் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தை வாடகையில்லாமல் கொடுத்தார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு வசூலித்துத் தரைக்குக் கல் பதித்தோம், கரும்பலகை அடித்தோம், நாலு மின்விசிறி மாட்டினோம். பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு, பிள்ளைகள் நாடகம் எல்லாம் அங்கேதான். "நம்ம ஹால்" என்றே எல்லாரும் சொல்வோம்.

பெரியவர் காலமானார். வாரிசுகள் கட்டடத்தை விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, சொத்து அவர்களுடையது. எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு நாலு மின்விசிறிகளையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றி வந்தோம். தரையில் பதித்த கல்லை என்ன செய்வது? இடம் தேடித் தேடி அலுத்து, வகுப்பு ஒரு வருஷத்தில் நின்றுபோயிற்று. அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது.

சியாட்டில் ஜனங்களின் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததற்கு இதுவே காரணம். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். தேர் யாருடையது என்று முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

வாங்கிய ஊரின் நியாயம்

இங்கே நடுநிலை தவறக் கூடாது. ஓக்லஹோமா நகரத்தைத் திருடன் என்று சொல்வது அநியாயம். 1995-ல் பயங்கரக் குண்டுவெடிப்பில் 168 உயிர்களைப் பறிகொடுத்த ஊர் அது. தங்கள் மேல் தாங்களே ஒரு காசு விற்பனை வரி போட்டுக்கொண்டு அரங்கம், நூலகம், வாய்க்கால் எல்லாம் கட்டினார்கள். 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சீரழித்தபோது அந்த ஊர் அணிக்கு இரண்டு சீசன் அடைக்கலம் கொடுத்து, அரங்கத்தை நிரப்பிக் காட்டினார்கள். 2008 மார்ச்சில் அரங்கத்தைச் சீர்செய்யச் சுமார் 12 கோடி டாலர் வரிக்கு ஓட்டுப் போட்டார்கள். 2025-ல் அவர்கள் அணி, வொர்லியில் ஆடிய அதே இந்தியானாவை இறுதிப் போட்டியில் வென்று கோப்பை வாங்கியது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் சந்தோஷம் போலியா? இல்லையே. குடிபெயர்ந்து வந்த குடும்பத்தைப் புது ஊர் இப்படி வரவேற்றால், வந்தவர்களான நாம் அதைக் குறை சொல்லலாமா?

ஆனால் கணக்கையும் பாருங்கள். 2023 டிசம்பரில் அதே ஊர் ஜனங்கள் மீண்டும் ஓட்டுப் போட்டார்கள். குறைந்தது 90 கோடி டாலரில் புது அரங்கம். அதில் அணியின் பங்கு 5 கோடி. மிச்சம் ஊருடையது. நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சம்மதித்தார்கள். சியாட்டிலுக்கு நேர்ந்தது நமக்கும் நேரக் கூடாதே என்ற அச்சம் அந்தச் சம்மதத்தில் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? இவ்வளவு கொடுத்ததற்குப் பதிலாக அணி 25 வருஷம் ஊரை விட்டுப் போகாது என்ற உறுதியைப் பெற்றிருக்கிறார்கள். அந்த மட்டில் புத்திசாலிகள்.

அரங்கம் வந்தால் வியாபாரம் பெருகும், வேலை பெருகும், போட்ட பணம் திரும்பி வரும் என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்லப்படுகிறது. இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர் அப்படித் திரும்பி வருவதில்லை என்றே சொல்கிறார்கள். காரணம் சுலபம். மேட்ச் பார்க்கச் செலவழிக்கும் குடும்பம் அந்த மாதம் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் போவதைக் குறைத்துக்கொள்கிறது. அதே பணம்தான், பாக்கெட் மட்டும் மாறுகிறது.

பம்பாய்க்காரர் ஒருவர்

இப்போது சாக்ரமெண்டோவுக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் தலைநகரம், சுமார் ஐந்து லட்சம் ஜனத்தொகை. கிங்ஸ் அணியும் அந்த ஊரில் பிறந்ததில்லை. ராச்செஸ்டரில் தொடங்கி, 1957-ல் சின்சினாட்டி, 1972-ல் கான்சாஸ் சிட்டி, 1985-ல் சாக்ரமெண்டோ என்று மாற்றலாகி வந்த அணி அது. நம்மில் ரயில்வே, பாங்க் உத்தியோகஸ்தர்களின் சர்வீஸ் புத்தகம் போல இருக்கிறது அல்லவா?

அப்போதைய முதலாளிகள் 2011-ல் அணியைக் கலிபோர்னியாவிலேயே வேறு ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை. 2013 ஜனவரியில் ஒரு சியாட்டில் கூட்டத்துக்கு விற்கச் சம்மதித்தார்கள். வாங்க வந்தவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்: அணியைச் சியாட்டிலுக்குக் கொண்டுபோய்ப் பழைய சோனிக்ஸ் பெயரைச் சூட்டுவோம்.

சியாட்டிலுக்குச் சந்தோஷம், ஆனால் சங்கடம். ஐந்து வருஷங்களுக்கு முன் தங்கள் வீட்டில் நடந்த அதே காரியத்தைத் தாங்களே இன்னொரு வீட்டில் செய்வதா? அடிபட்டவன் அடிக்கலாமா? அந்த ஊர் ரசிகர்களில் பலர் இந்தக் கேள்வியோடு போராடினார்கள்.

சாக்ரமெண்டோ சும்மா இருக்கவில்லை. மேயர் திரு. கெவின் ஜான்சன் பழைய என்.பி.ஏ. ஆட்டக்காரர். அரங்கத்துக்கு நகரசபையின் ஒப்புதலை வாங்கினார்; உள்ளூரிலேயே வாங்குபவர்களைத் தேடினார். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்தான் திரு. விவேக் ரணதிவே. பம்பாயில் பிறந்து, பதினாறு வயது வாக்கில் அமெரிக்கா போய், மென்பொருள் தொழிலில் பெயர் பெற்றவர். 2013 மே 15-ஆம் தேதி முதலாளிகள் கூடி 22-க்கு 8 என்று இடமாற்றத்தை நிராகரித்தார்கள். ரணதிவே குழுவுக்கு அணி போயிற்று. ஒரு என்.பி.ஏ. அணியின் பெரும்பங்கு இந்தியாவில் பிறந்தவர் கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. 2016-ல் நகரின் நடுவே புது அரங்கம் திறந்தது. அதில் ஊர்ப் பணம் 25 கோடி டாலருக்கு மேல்.

நம் ஊரில் பிறந்தவர் என்று பெருமைப்படுவோம், தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாக்ரமெண்டோ பிழைத்ததும் நல்ல முதலாளி ஒருவர் கிடைத்ததால்தான். சியாட்டில்காரர்களும் ஒரு காலத்தில் ஷுல்ட்ஸை நல்லவர் என்றே நம்பினார்கள். முதலாளியின் நல்ல மனசு ஊருக்குப் பாதுகாப்பு ஆகாது. மனிதர்கள் மாறுவார்கள், மறைவார்கள், விற்பார்கள். எங்கள் கூடத்துப் பெரியவரைவிட நல்ல மனசு யாருக்கு இருந்தது?

பெயர் மட்டும் கூட வரும்

ஊர் மாறிய அணிகளின் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஏரிகள் ஏது? ஆனாலும் அணியின் பெயர் "லேக்கர்ஸ்". 1960 வரை அது ஏரிகள் நிறைந்த மின்னசோட்டாவில் இருந்த அணி. ஜாஸ் இசைக்கு ஊர் நியூ ஆர்லியன்ஸ். 1979-ல் குடிபெயர்ந்த "ஜாஸ்" அணி இருப்பதோ யூட்டாவில். "கிரிஸ்லீஸ்" என்பது பழுப்புக் கரடி. 2001-ல் கனடாவின் வான்கூவரிலிருந்து மெம்பிஸ் போன அணி, கரடியே இல்லாத ஊரில் கரடிப் பெயரோடு ஆடுகிறது.

நாமும் அப்படித்தானே! தஞ்சாவூரை விட்டு மூன்று தலைமுறை ஆகியும் "டி" என்ற இனிஷியலைச் சுமந்துகொண்டு செம்பூரில் வாழ்கிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். நாம் போனபோது ஊருக்குக் கோயில் இருந்தது, குளம் இருந்தது. அணி போனால் ஊருக்கு மிஞ்சுவது காலி அரங்கம்.

அணியும் ரசிகனும் பிரிவது எப்படி இருக்கும் என்று நமக்கும் கொஞ்சம் தெரியும். 2018 ஏப்ரலில் காவிரிப் பிரச்சினைக் கொந்தளிப்பில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேக்கு மாற்றப்பட்டன. சென்னையிலிருந்து தனி ரயிலில் மஞ்சள் சட்டையோடு ரசிகர்கள் வந்து இறங்கினார்கள். அந்த மே மாதம் நம் வான்கடே மைதானத்தில் அணி கோப்பை வென்றது. அது ஒரு சீசன் பிரிவுதான். சியாட்டிலுக்கு எந்த ரயிலும் போதாது.

என்ன செய்யலாம்?

முதலாளி தம் பணத்தைப் போட்டு வாங்கியதை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நடக்காத காரியம், நியாயமும் ஆகாது. ஆனால் ஊர்ப் பணம் ஒரு காசு உள்ளே போனாலும் அதற்கு ஈடாக ஊருக்கு எழுத்தில் உரிமை வேண்டும் என்பதே என் கட்சி. இது கனவல்ல, நடைமுறையில் இருக்கும் உதாரணங்கள் உண்டு.

ஓஹையோ மாநிலம் தன் கிளீவ்லாண்ட் நகரத்துக் கால்பந்து அணியைப் பால்டிமோருக்குப் பறிகொடுத்த பிறகு 1996-ல் ஒரு சட்டம் போட்டது. வரிப்பண உதவியில் நடக்கும் அரங்கத்தில் ஆடும் அணி ஊர் மாற வேண்டுமானால் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த அவகாசத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு வாங்கும் வாய்ப்பும் தர வேண்டும். 2018-ல் கொலம்பஸ் நகரத்துச் சாக்கர் அணி கிளம்பப் பார்த்தபோது இந்தச் சட்டத்தைக் காட்டி மாநில அரசு வழக்குப் போட்டது. கடைசியில் வேறு முதலாளிகள் வாங்கி அணியை அங்கேயே நிறுத்தினார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை லட்சத்தைச் சுற்றி. அதன் கால்பந்து அணியான பேக்கர்ஸ் 1923 முதல் பொதுமக்களின் பங்குகளில் நடக்கிறது. இன்று ஐந்து லட்சம் பேருக்கு மேல் பங்குதாரர்கள். லாபப் பங்கு கிடையாது, விற்று லாபம் பார்க்கவும் முடியாது. பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் எத்தனையோ பெரிய நகரங்கள் அணியை இழந்தும் இந்தச் சிற்றூர் இழக்கவில்லை. இப்படி இன்னொரு அணி உருவாக அந்த லீக்கின் விதிகள் இப்போது இடம் தருவதில்லை என்பதே இதன் வலிமைக்கு அத்தாட்சி!

சியாட்டிலிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2006-ல் சோனிக்ஸோடு "ஸ்டார்ம்" என்ற பெண்கள் அணியும் சேர்ந்தே விற்கப்பட்டது. 2008-ல் அந்த ஊர்ப் பெண்மணிகள் நாலு பேர் கூடி ஒரு கோடி டாலருக்கு அதை வாங்கி ஊரிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 2010, 2018, 2020 என்று மூன்று முறை கோப்பை வந்தது. ஆண்கள் அணிக்காக ஊரே அழுதுகொண்டிருந்தபோது அந்த நால்வர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆகவே ஊர்கள் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, அரங்கத்துக்கு ஊர் பணம் போடும் வரையில் அணி நகராது என்ற நீண்ட காலக் குத்தகை. இரண்டு, விற்பதானால் முதல் உரிமை உள்ளூர்க்காரர்களுக்கு. மூன்று, விற்று வரும் லாபத்தில் ஊருக்கும் ஒரு பங்கு. 20 கோடிக்கு வாங்கி ஐந்தே வருஷத்தில் 35 கோடிக்கு விற்க முடிந்ததில், நாற்பது வருஷம் டிக்கெட் வாங்கிக் கைதட்டிய ஜனங்களுக்குப் பங்கே இல்லையா?

நமக்கு என்ன?

அமெரிக்காவில் எவனோ பந்து விளையாடுகிறான், நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நம் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்று சில வருஷங்களாகப் பேசி வருகிறோம். வசதி படைத்த அன்பர்கள் சிலர் இடம் தர முன்வரக்கூடும். மனமார வரவேற்போம், மாலை போடுவோம், கல்வெட்டில் பெயர் பொறிப்போம். ஆனால் பத்திரம் டிரஸ்டின் பெயரில் பதிவாக வேண்டும். "நமக்குள்ளே எதற்கு எழுத்து?" என்று யாராவது சொன்னால் அன்போடு மறுத்துவிட வேண்டும். நமக்குள் இருப்பதற்குத்தான் எழுத்து முக்கியம். கேட்பது அவமரியாதை அல்ல. கொடுப்பவரின் நல்ல பெயரை அவருடைய பேரன் காலம் வரை காப்பாற்றும் காரியம்.

சிறு தொகையானாலும் ஒவ்வொரு குடும்பமும் பங்கு போட வேண்டும் என்பேன். கிரீன் பே ஜனங்களின் பலம் பணத்தின் அளவில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

அன்று கழற்றி வந்த நாலு மின்விசிறிகளில் இரண்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஒவ்வொரு தீபாவளிக்கும் "எடைக்குப் போட்டுடலாமா?" என்று மனைவி கேட்கிறாள். இருக்கட்டும் என்கிறேன். நம் பெயரில் பத்திரம் உள்ள ஒரு கூரையில் அவற்றை மறுபடி மாட்ட வேண்டும்.